புகைபோக்கி இல்லாத அறையில் கேஸ் கணப்பு

ஊரில் ஆடி என்றால் காற்றடிக் காலம். தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்கில் அதே ஆடி நடுக்குளிர்காலம். இங்குள்ள மாரியம்மன் கோயில்களிலும் ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். பெண்கள் கம்பளிச் சட்டைக்கு மேல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கோயில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொல்லி வளர்ந்த திருநெல்வேலிக்காரர் என் அப்பா. எண்பதை நெருங்கும் வயதில் எங்களோடு இருக்க லெனேசியாவுக்கு வந்தவர், முதல் ஆடியிலேயே இந்தப் பனி எதையெல்லாம் துளைக்கும் என்று தெரிந்துகொண்டார். அவருக்கு இளைப்பு உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் அந்த மூச்சுச் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும்.

அவருடைய அறையைச் சூடாக வைக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு நான் படித்ததையும், கேட்டதையும், நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். குளிர் நாடுகளில் வாழும் நம்மவர்கள் பலருக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன். நெருப்பைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். நாம் அறிந்ததெல்லாம் ஜன்னலும் கதவும் திறந்தே கிடக்கும் வீட்டின் நெருப்பு. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவைத்த அறையின் நெருப்பு வேறு சங்கதி.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். இன வாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஜொகன்னஸ்பர்க் நகருக்குள் பேஜ்வியூ போன்ற பகுதிகளில் வாழ்ந்த இந்தியர்களைப் பெயர்த்தெடுத்து நகருக்குத் தெற்கே கொண்டுவந்து வைத்த இடம் லெனேசியா. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் இருக்கிறோம். இரட்டைச் செங்கல் சுவர், தகரக் கூரை, அதன் கீழே உட்கூரையாக மெல்லிய பலகைத் தளம், இரும்புச் சட்டம் போட்ட ஜன்னல்கள். சமையலறையில் நிலக்கரி அடுப்பு இருந்ததற்கு அடையாளமாக அங்கே மட்டும் ஒரு புகைபோக்கி இருக்கிறது. படுக்கையறைகளில் கிடையாது. பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும். சூரியன் இறங்கியதும் தகரம் வழியாகச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிற இரவுகளும் உண்டு.

மின்சார ஹீட்டர் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் இந்த நாட்டில் இருந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். முறைவைத்து மின்வெட்டு, ஒரே நாளில் மூன்று, நான்கு முறைகூட விளக்கு அணையும். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனாலும் தெரு மின்மாற்றி பழுதானால் இரவெல்லாம் இருட்டுதான். இளைப்புள்ள முதியவரின் அறையை அந்த ஒன்றை மட்டும் நம்பி விட என் மனம் ஒப்பவில்லை. எனவே கேஸ் என்று முடிவாயிற்று. நகரின் பழைய பகுதிகள் சிலவற்றில் குழாய் வழியாகவே எரிவாயு வருகிறது. எங்கள் தெருவுக்கு அது வரவில்லை, சிலிண்டர்தான்.

கடையில் இரண்டு வகைகளைக் காட்டினார்கள். ஒன்று, இந்த ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும் சக்கரம் வைத்த ஹீட்டர். முதுகுப் பக்கம் 9 கிலோ சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். முகப்பில் மூன்று பீங்கான் பலகைகள் செக்கச்செவேலென்று எரியும். இன்னொன்று சுவரில் பதிக்கும் அழகான கணப்பு. கண்ணாடி, பொய்விறகு, மஞ்சள் சுவாலை எல்லாம் உண்டு. இரண்டுக்குமே புகைக்குழாய் கிடையாது. “இதற்குப் புகைபோக்கியே வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும். சூடு ஒரு துளிகூட வீணாகாது” என்றார் விற்பனையாளர். உடன் வந்திருந்த அப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. “புகையே வராத நெருப்புக்குப் புகைபோக்கி எதற்கு?” என்றார்.

இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக ஒதுக்கவில்லை. விறகு எரித்தால் கண் எரியும், சுவர் கறுக்கும், தும்மல் வரும், உடம்பே எச்சரித்துவிடும். கேஸ் அப்படி எதுவும் செய்வதில்லை. நீலமாக, அமைதியாக எரிகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒன்றுமே வெளிவரவில்லை என்று எண்ணுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது.

அந்த மூன்று பலகை ஹீட்டர் முழுவீச்சில் எரிந்தால் 4.2 கிலோவாட் வெப்பம் தரும். அதற்கு மணிக்கு 300 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கேஸ் வேண்டும். சிலிண்டர் கேஸில் முக்கியமானது புரோப்பேன். அது ஒரு கிலோ முழுமையாக எரிந்தால் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 1.6 கிலோவுக்குச் சற்று அதிகமாக நீராவியும் உண்டாகின்றன. எரிபொருளைவிட எரிந்து வருவது எப்படி எடை கூடும் என்று தோன்றலாம். கூடுதல் எடை முழுவதும் அறைக் காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன். அப்பாவின் அறை 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். அந்த அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து இந்த ஹீட்டரை ஒரு மணி நேரம் எரித்தால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். வெளிக்காற்றில் அது இருப்பது 0.04 சதவீதம். வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்குப் பொதுவாக அனுமதிக்கும் அளவே அரை சதவீதம்தான். அதே ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 19க்கு இறங்கிவிடும். எந்த வீடும் அவ்வளவு இறுக்கமாக அடைபடுவதில்லை என்பது உண்மை. ஆனால் குளிர்காலத்தில் நாம் பாடுபடுவதெல்லாம் அறையை அந்த நிலைக்குக் கொண்டுபோகத்தானே!

இங்கே உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம்முடைய கோத்தகிரியின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட. டர்பன் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இங்கே குறைவு. இளைப்புக்காரர் இருக்கும் அறையில் அந்த மிச்சத்தையும் நெருப்போடு பங்குபோட வைப்பதா?

தண்ணீர் விஷயத்தையும் லேசாக விட முடியாது. மணிக்கு அரை லிட்டர் என்றால் மாலை ஆறு முதல் பத்து வரை இரண்டு லிட்டர். அது நீராவியாக அறையில் சுற்றிக் குளிர்ந்த இரும்பு ஜன்னல் சட்டத்தில் போய்ப் படியும். காலையில் ஜன்னல் மேடை ஈரமாக இருக்கும். திரைச்சீலையின் கீழ் ஓரத்திலும் அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரிலும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடிக்கும். இந்தப் பீடபூமியின் குளிர்காலம் வறண்டது, அதனால் ஈரம் நல்லதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். தோலுக்கு நல்லதாக இருக்கலாம். பூஞ்சணத் தூள் இளைப்புக்கு நல்லதல்ல.

‘தானே அணைந்துவிடும்’ என்று கடைக்காரர் சொன்ன கருவி உண்மையில் அழகான ஏற்பாடு. பெரிய தீக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிறிய தீ எரியும். அதன் நாக்கு ஒரு உலோக முனையை நக்கிக்கொண்டே இருக்கும். அந்த முனை சூடாக இருக்கும்வரை அதில் மிகச் சிறிய மின்னழுத்தம், இருபது முப்பது மில்லிவோல்ட், உண்டாகும். கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருப்பது அதுதான். அறையில் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு அருகே இறங்கினால் சிறிய தீ நீண்டு, தடுமாறி, முனையை விட்டு விலகிவிடும், முனை குளிரும், வால்வு மூடிக்கொள்ளும். நான் இதைக் குறைத்துப் பேச மாட்டேன், பல உயிர்களைக் காப்பாற்றிய பொறி அது. ஆனால் அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். கார்பன் மோனாக்சைடு அதன் கண்ணில் படுவதே இல்லை. பலகை விரிசல் விட்டாலோ, தூசி அடைத்தாலோ, காற்றும் கேஸும் சரியாகக் கலக்காவிட்டாலோ, ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று சாதாரண ஜலதோஷக் காய்ச்சல் போலவே தொடங்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் முன்னோர் நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அவர் பேசுவது ஆங்கிலம். தேவாரம் மட்டும் தமிழில், அட்சரம் பிசகாமல் பாடுவார். அவர் வீட்டில் இருப்பது சக்கர ஹீட்டர். குளிர்காலம் தோறும் மாலையானால் அங்கே எல்லாருக்கும் தலைவலி வரும். வெளியே போய் வந்தால் சரியாகிவிடும். காய்ச்சல் பரவுகிற காலம் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்து, வாசலுக்குப் போனால் விட்டுவிடுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நெருப்பைத்தான். அவர் கூடத்தில் சுவரின் மேல்பகுதியில், தளத்துக்குச் சற்றுக் கீழே, துளைச் செங்கல்கள் இருக்கின்றன. இந்த ஊரின் பழைய வீடுகளில் அறைக்கு அறை இவற்றைப் பார்க்கலாம். காற்றோட்டத்துக்காகக் கட்டும்போதே பதித்தவை. குளிர் வருகிறது, செம்மண் தூசி வருகிறது என்று பழைய செய்தித்தாளைச் சுருட்டி ஒவ்வொரு துளையிலும் திணித்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தார்கள். நானும் அவர் மகனும் ஏணி போட்டு ஏறி ஒரு திருகாணி முடுக்கியால் நோண்டி எடுத்தோம். காகிதம் மஞ்சளாகிப் பொடிந்து வந்தது. கடைசித் துளை திறந்ததும் என் புறங்கையில் குளிர்ந்த காற்று பட்டது.

அந்தக் காற்றை நம் மக்கள் எதிரியாகப் பார்க்கிறார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இம்பாவுலா என்கிற ஓட்டைபோட்ட தகர டின்னில் நிலக்கரி மூட்டி, சுவாலை அடங்கியதும் வீட்டுக்குள் எடுத்துவைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி வருகிறது. புகை அடங்கிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்துத்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். கணகணவென்று கனியும் கரிதான் மிகுதியாகக் கார்பன் மோனாக்சைடு விடும். கேஸ் ஹீட்டர் அந்த அளவுக்குக் கொடியதல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. புகை தெரியாவிட்டால் கேடில்லை என்ற நம்பிக்கை மட்டும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

புகைக்குழாய் இல்லாத கணப்பை மற்ற நாடுகள் எப்படிப் பார்க்கின்றன என்று தேடினேன். அமெரிக்காவில் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. கலிபோர்னியா வீடுகளுக்கு விற்பதைத் தடை செய்திருக்கிறது. பிரிட்டனில் விற்கும் இந்த வகைக் கணப்புகளுக்குள், கார்களின் புகைக்குழாயில் இருப்பது போன்ற வினையூக்கி ஒன்று உண்டு. அது கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். அப்போதும் சுவரில் 100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு மூடவே முடியாத காற்றுத் துளை வேண்டும் என்கிறார்கள். அந்தத் துளை வழியாக இரவெல்லாம் குளிர்காற்று வரும். அப்படியானால் ‘சூடு ஒரு துளிகூட வீணாகாது’ என்ற பேச்சு எங்கே நிற்கிறது? துளையை மூடினால் ஆபத்து. திறந்தால் சூடு போகிறது. நான் தீர்மானித்துவிட்டேன். மனிதர் தூங்கும் அறையில், அதுவும் இளைப்புக்காரர் தூங்கும் அறையில், எரிந்த காற்று அறைக்குள்ளேயே தங்கும் எந்தக் கணப்பும் வேண்டாம்.

சரி, புகைபோக்கி இல்லாத அறையில் வேறு என்னதான் செய்ய முடியும்? செங்கல் வைத்துப் புதிதாகப் புகைபோக்கி கட்டலாம். அடித்தளம் முதல் கூரைவரை வேலை, செலவு கட்டுப்படியாகாது. கூரை வழியாக உலோகக் குழாய் ஏற்றலாம். சிறு விசிறி வைத்து எரிந்த காற்றைச் சுவர் வழியாகத் தள்ளும் கணப்பும் உண்டு. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்பதால் எங்களுக்கு ஆகாது. நான் தேர்ந்தெடுத்தது சமநிலைக் குழாய்க் கணப்பு. முகப்பில் கண்ணாடி, சுற்றிலும் இரும்புப் பெட்டி. அறைக் காற்றுக்கும் தீக்கும் தொடர்பே இருக்காது. பெட்டியின் முதுகிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் வெளிச்சுவர் வழியாகப் போகின்றன. எங்களுடையதில் உள்குழாய் 100 மில்லிமீட்டர், வெளிக்குழாய் 150 மில்லிமீட்டர். உள்குழாயில் எரிந்த காற்று வெளியே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தீக்கு வேண்டிய புதுக் காற்று வரும். வருகிற வழியில் உள்குழாயின் சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இரண்டின் வாயும் வெளியே ஒரே இடத்தில் இருப்பதால், காற்று எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இரண்டின்மீதும் ஒரே அழுத்தம்தான் விழும், தீ அலைக்கழியாது. ஆகஸ்டில் இந்தப் பீடபூமியில் வீசும் புழுதிக் காற்றைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த நாட்டில் கேஸ் இணைப்பைக் கண்டவரும் தொடக்கூடாது. 2009ஆம் ஆண்டு வந்த அழுத்தக் கருவி விதிகளின்படி, பதிவுபெற்ற பொருத்துநர் வேலை செய்து, சோதித்து, சான்றிதழ் தர வேண்டும். வீடு கைமாறும்போதும் அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அதைத்தான். பொருத்துநரிடம் பதிவு அட்டை இருக்கும். எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று அதில் போட்டிருக்கும். கூச்சப்படாமல் வாங்கிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்த இளைஞர் கேட்பதற்கு முன்பே நீட்டினார். அவர் பெயர் தமிழ்ப் பெயர், தமிழ் தெரியாது. ஆனால் அப்பாவை வாய் நிறைய “தாத்தா” என்று அழைத்தார். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் முதலில் அறைக்குள்ளேயே வரவில்லை. வீட்டைச் சுற்றி வந்தார். சிலிண்டர் எங்கே நிற்கும், குழாயின் வாய் எங்கே திறக்கும் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் கணப்பின் இடம். சிலிண்டர், கதவிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர், சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீர் போலத் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். சாக்கடைக்குள் இறங்கிவிட்டால் எங்கே போய் எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் வைப்பதானால் மொத்தம் 19 கிலோவுக்கு மேல் கூடாது; அடுக்ககமானால் 9 கிலோதான். எங்களுக்கு வெளியே இடம் இருந்ததால் 48 கிலோ சிலிண்டர் கிழக்குச் சுவரோரம் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. நான் குழாய் வாய்க்குக் காட்டிய இடத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு மேலே, திறந்து மூடும் ஜன்னல் ஒன்று இருந்தது. வெளியே விட்ட காற்று அடுத்த அறை வழியாக உள்ளே திரும்பி வருவதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்றார். ஜன்னலிலிருந்து நன்றாக விலக்கி, கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் இடம் குறித்தார்.

துளை போட்ட நாள் வீடே செங்கல் பொடியாக இருந்தது. வைரப்பல் வைத்த வட்ட அலகு, தண்ணீர் சொட்டச் சொட்ட, 220 மில்லிமீட்டர் சுவரை நிதானமாக அறுத்தது. வெளியே வந்த உருளையை அப்பா கையில் வாங்கிப் பார்த்தார்: இரண்டு செங்கல், நடுவே சாந்து. துளையைக் குழாய் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிப்பக்கம் இம்மியளவு சரிவாக வைத்தார் பொருத்துநர். மழைநீர் உள்ளே ஓடிவரக் கூடாது. சுற்றியுள்ள இடைவெளியை வெப்பம் தாங்கும் பூச்சால் அடைத்தார். செப்புக் குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் அதற்கு ஓர் உறை. கணப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், மூடு வால்வு.

அவர் செய்ததில் நான் மிகவும் ஊன்றிப் பார்த்தது அழுத்தச் சோதனை. U வடிவில் வளைந்த கண்ணாடிக் குழாய், பாதிவரை தண்ணீர், பின்னால் மில்லிமீட்டர் கோடுகள். ஒரு முனையைக் கேஸ் குழாயில் மாட்டினார். ரெகுலேட்டரைத் திறந்ததும் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறியது. இங்கே வீட்டுக் கருவிகளுக்கான அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல், தண்ணீர்க் கணக்கில் சொன்னால் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 285 மில்லிமீட்டர் வித்தியாசம். சரியாக அங்கே நின்றது. பிறகு வால்வை மூடிவிட்டுக் காத்திருந்தார். கைபேசியை எடுக்கவில்லை, பேசவில்லை, தண்ணீரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் அந்த விளிம்பு இறங்கும் என்றார். இறங்கவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். கையெழுத்திட்ட சான்றிதழின் மதிப்பு அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. காகிதத்தை முன்கூட்டியே நிரப்பி எடுத்து வருபவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

கணப்பு இப்போது நன்றாக எரிகிறது. பற்றவைக்க ஒரு பொத்தான். அழுத்தினால் பொறி பறக்கும். மின்சாரம் வேண்டியதே இல்லை. எரியும் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு போலக் குழாய் வழியே வெளியே போகிறது. போகட்டும். அதோடு நீராவியும் கரியமில வாயுவும் போகின்றன. ஜன்னல் சட்டம் காலையில் உலர்ந்திருக்கிறது. மாலையில் கொஞ்ச நேரம் எரித்து, அப்பா தூங்கும்போது குறைத்துவிடுகிறோம். இளைப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்; அது போகிற நோய் அல்ல. இரவில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முகப்புக் கண்ணாடி கை வைத்தால் கொப்புளிக்கும் அளவுக்குச் சூடாகும். தடுமாறி நடப்பவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் கம்பித் தடுப்பு இல்லாமல் எரிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பொய்விறகுகளை அழகுக்காக நகர்த்தி அடுக்கக் கூடாது. அவை ஒவ்வொன்றுக்கும் செய்தவர்கள் குறித்துக் கொடுத்த இடம் உண்டு. தீயின் நாக்கு விறகில் முட்டினால் சரியாக எரியாமல் கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கண்ணாடியில் கறுப்புப் படிந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும். கோடையில் சும்மா கிடக்கும்போது சிலந்தி வலை கட்டி எரிமுனையை அடைத்துவிடும். அதனால் மே மாதத்தில், குளிர் இறுகும் முன், ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன்.

எச்சரிக்கைக் கருவிகள் இரண்டு வாங்கினேன். கேஸ் கசிவைச் சொல்வது தரைக்கு அருகே. கனமான வாயு அங்கேதான் சேரும். கார்பன் மோனாக்சைடைச் சொல்வது படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்தில். அது காற்றோடு கலந்து எங்கும் பரவும். இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டினால் ஏதோ ஒன்று பயனற்றதாகிவிடும். கார்பன் மோனாக்சைடு கருவிக்கு ஆயுள் குறிப்பிட்ட ஆண்டுகள்தான். காலாவதித் தேதி அதன் முதுகில் அச்சாகியிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு அதே இளைஞரை வரவழைத்தார். அவர் கூடம் வீட்டின் நடுவில் இருக்கிறது. நான்கு பக்கமும் அறைகள். துளைச் செங்கல் இருப்பதும் பின்னால் வந்த மூடிய தாழ்வாரத்தை ஒட்டிய சுவரில்தான். கிடைமட்டக் குழாய்க்கு வழி இல்லை. தளத்தைத் துளைத்துத் தகரக் கூரைக்கு மேலே ஏற்ற வேண்டும் என்றார். செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அக்கா அடுத்த ஆண்டு மகன் வேலையில் நிலைத்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரை பழைய சக்கர ஹீட்டர்தான்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதவர்களுக்கும் இதே நிலைமைதான். அவர்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. குளிரும் ஆளைக் கொல்லும். அந்த இளைஞர் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனதையே இங்கே எழுதுகிறேன். துளைச் செங்கலை மூடாதீர்கள். தாழ்வாரத்தின் கதவையும் திறந்து வையுங்கள். ஹீட்டர் எரியும் நேரமெல்லாம் வெளிப்புற ஜன்னல் ஒன்று இரண்டு விரற்கடை திறந்திருக்கட்டும். மூன்று பலகையும் வேண்டாம், அறை சூடானதும் ஒன்றாகக் குறையுங்கள். படுக்கையறைக்குள் உருட்டிக்கொண்டு போகாதீர்கள். விரிசல் விட்ட பலகையோடு எரிக்காதீர்கள். சிலிண்டர் மாற்றும்போது ரப்பர் வளையத்தைப் பார்த்து, சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். தூங்கப் போகும் முன் சிலிண்டர் வால்விலேயே அணையுங்கள். அக்கா இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அவருக்கும் ஒரு கார்பன் மோனாக்சைடு கருவி வாங்கிக் கொடுத்தோம். இந்த ஆடி முழுக்க அது கத்தவில்லை, யாருக்கும் தலை வலிக்கவும் இல்லை என்று சென்ற வாரம் சொன்னார்.